ஜீன்ல இருந்தா சிகிச்சை இல்லையா?

"இது பரம்பரை வியாதிம்மா. ஜீன்லயே இருக்கு. ஒண்ணும் பண்ண முடியாது."

அரிவாள் செல் ரத்தசோகை இருக்கும் குழந்தையோட அம்மாகிட்ட இப்படிச் சொல்றது பக்கத்து வீட்டுக்காரங்க மட்டும் இல்லைங்க. எங்க ஆளுங்களும்தான். என்னை மாதிரி எம்பிபிஎஸ் படிச்சவங்க. அதுக்கு எதிராத்தான் இந்த இழை. நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல வியாதி என்னன்னு பார்ப்போம். ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கறது ஹீமோகுளோபின். பெரியவங்களுக்கு அதுல 2 ஆல்ஃபா சங்கிலி, 2 பீட்டா சங்கிலி. பீட்டா சங்கிலிக்கான ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. 'ஏ' இருக்க வேண்டிய இடத்துல 'டி'. அதனால சங்கிலியோட 6-வது இடத்துல குளூடாமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின். அவ்வளவுதான் மாற்றம்.

ஆனா ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கம்பி மாதிரி நீளும். வட்டமான சிவப்பணு அரிவாளா வளைஞ்சு சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கும். வலின்னா பாரசிட்டமால்ல அடங்குற வலி இல்லை, மார்ஃபின் கேட்கிற வலி. மண்ணீரல் கெடும். பள்ளிக்கூடம் போற வயசுல பக்கவாதம் வரும்.

அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் இந்த ஜீன் வந்தா வியாதி. ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் டிஎன்ஏ நகலாகுது, இந்தப் பிழையும் அச்சுப் பிசகாம நகலாகுது. ஆக 'ஜீன்லயே இருக்கு' என்பது உண்மை. அதுக்கு அடுத்து வர்ற 'ஒண்ணும் பண்ண முடியாது' என்பதுதான் பொய்.

எப்படின்னு கேட்டா, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பிழையான ஜீன் கரு உருவாகும்போதே இருக்கு. அப்புறம் ஏன் பிறந்த குழந்தை முதல் சில மாசம் நல்லா இருக்கு? பால் குடிக்குது, எடை ஏறுது. ஏறக்குறைய 6 மாசத்துக்குப் பிறகுதான் கை, கால் விரல் வீங்கி அழ ஆரம்பிக்குது.

1948-லேயே ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதுக்கான காரணத்தைச் சொல்லிட்டாங்க. (டிஎன்ஏ வாட்சன் வேற, குழப்பிக்காதீங்க.) கருவுல இருக்கும்போது குழந்தை பீட்டாவுக்குப் பதிலா காமா சங்கிலியை வெச்சு வேற ஹீமோகுளோபின் செய்யுது. அது அரிவாளா வளையாது. பிறந்ததுக்கு அப்புறம் காமா கொஞ்சம் கொஞ்சமா அணைஞ்சு, பீட்டா அந்த இடத்துக்கு வருது.

காமா ஜீன் எங்கேயும் போயிடல. 11-வது குரோமோசோம்ல, பீட்டாவுக்குப் பக்கத்துலயே, உங்களுக்கும் எனக்கும் இப்பவும் இருக்கு. ஆர்என்ஏவா படியெடுக்கப்படல, அதனால புரதம் வரல. ஜீன் இருக்கறது வேற, ஜீன் வேலை செய்யறது வேற. முதல் வருஷ பயோகெமிஸ்ட்ரியில பாஸ் ஆன எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் ஓபியில உட்கார்ந்ததும் ஏன் மறந்துபோகுது?

சிலருக்குப் பிறவியிலேயே காமா முழுசா அணையறதில்லை. அவங்களுக்கு அரிவாள் ஜீன் சேர்ந்து வந்தாலும் பெரும்பாலும் பெரிய தொந்தரவு இல்லை.

அந்த காமாவை மறுபடி கொஞ்சம் எழுப்புற மாத்திரைதான் ஹைட்ராக்சியூரியா. டிஎன்ஏ நகலாகத் தேவையான மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதியை இது தடுக்கும். எலும்பு மஜ்ஜை அந்த நெருக்கடியைச் சமாளிக்கும்போது, கருக்கால ஹீமோகுளோபின் அதிகமா இருக்கும் சிவப்பணுக்கள் வெளிய வருது. 1995-ல வெளியான, 299 பெரியவங்க கலந்துகிட்ட ஆய்வுல, வலி நெருக்கடி ஏறக்குறைய பாதியா குறைஞ்சது. 2019-ல ஆப்பிரிக்காவுல 4 நாட்டுக் குழந்தைகள்கிட்டயும் நல்ல பலன் தெரிஞ்சது.

"அது கேன்சர் மருந்தாச்சே டாக்டர்?" ஆமா, சில ரத்தப் புற்றுநோய்க்கும் தர்றோம். இங்க அளவு எடையைப் பொறுத்து. ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்கணும். குழந்தைக்குத் திட்டமிடறவங்க, ஆணோ பெண்ணோ, முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லணும். நீங்களா வாங்கிப் போடாதீங்க.

இன்னொண்ணு. 2023-ல அங்கீகாரம் கிடைச்ச கிரிஸ்பர் சிகிச்சை காஸ்ஜெவி, அமெரிக்காவுல விலை 22 லட்சம் டாலர். அது கூட அந்தப் பிழையான எழுத்தைத் தொடறதில்லை. காமாவை அணைக்கிற பிசிஎல்11ஏ என்ற ஜீனை சிவப்பணு உருவாகும் வழியில முடக்குது, அவ்வளவுதான். கோடிக்கணக்குல செலவாகிற வைத்தியமும், தினமும் போடற மாத்திரையும் குறி வைக்கிறது அதே காமாவைத்தான்.

இந்தியாவுல இந்த வியாதியை முதல்ல பதிவு பண்ணது 1952-ல, நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்ட. 2023-ல ஒன்றிய அரசு 2047-க்குள்ள ஒழிக்கிற திட்டம் அறிவிச்சது. 7 கோடி பேருக்குப் பரிசோதனை இலக்கு. பரிசோதனை வேணும், மறுக்கல. ஆனா நான் உட்கார்ந்த கூட்டங்கள்ல கேட்கிற கேள்வி "எத்தனை பேருக்கு டெஸ்ட் ஆச்சு, எத்தனை கார்டு கொடுத்தாச்சு?" என்பதுதான். "பாசிட்டிவ் வந்தவங்கள்ல எத்தனை பேர் மாத்திரை போடறாங்க?"ன்னு கேட்டா அமைதி. கையில கார்டைக் கொடுத்து, 'கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கோ'ன்னு அனுப்பினா, ஏற்கெனவே பிறந்து வலியில துடிக்கிற பிள்ளைக்கு என்ன லாபம்?

உங்க வீட்டுலயோ ஊர்லயோ இந்த வியாதியோட குழந்தை இருந்தா, அடுத்த தடவை ஓபி சீட்டோட போகும்போது மூணு விஷயம் கேளுங்க. பென்சிலின் ஆரம்பிச்சாச்சா? நிமோனியா தடுப்பூசி முழுசா போட்டாச்சா? ஹைட்ராக்சியூரியா எப்போ ஆரம்பிக்கலாம்? 'ஜீன்ல இருக்கும்மா'ன்னு பதில் வந்தா, எழுந்திரிக்காம மறுபடி கேளுங்க.