டென்மார்க் நீதிமன்றமும் வாச்சாத்தியும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

"டென்மார்க் ஒரு குட்டி நாடு. நாம் கேட்ட ஆளை அனுப்ப மாட்டேன் என்கிறது. நாம் ஏன் சார் சும்மா இருக்கணும்?" என்று நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான். அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 60 லட்சம், அதாவது நம் தர்மபுரி மாவட்டத்தைப் போல நான்கு மடங்கு. தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது.

1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தின் புரூலியா மாவட்டத்தில் ஒரு விமானம் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பெட்டி பெட்டியாக வீசிவிட்டுப் போனது. சில நாட்களில் அந்த விமானம் மும்பையில் இறக்கப்பட்டு, பீட்டர் பிளீச் என்ற ஆங்கிலேயரும் விமான ஊழியர்கள் ஐந்து பேரும் பிடிபட்டார்கள். கிம் டேவி என்ற பெயரில் வந்த டென்மார்க்காரர் நீல்ஸ் ஹோல்க் மட்டும் தப்பிவிட்டார். இன்றுவரை அவர் இந்திய நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 2010இல் டென்மார்க் அரசு அவரை ஒப்படைக்கச் சம்மதித்தது. தடுத்தது அந்த நாட்டு நீதிமன்றம். 2011 ஜூன் 30 அன்று மேல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இந்தியாவில் அவர் சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்து இருக்கிறது என்பதுதான் காரணம். டென்மார்க் அரசுத் தரப்பு அதற்கு மேல் முறையிடவில்லை. நம் அரசு கோபித்துக்கொண்டு உறவைக் குறைத்தது. பிறகு உறவு சீரடைந்து, 2020இல் பசுமைக் கூட்டுறவு, 2022இல் நம் பிரதமரின் கோபன்ஹேகன் பயணம் என்றெல்லாம் நடந்தது. ஆனாலும் 2024 ஆகஸ்டில் அங்குள்ள நீதிமன்றம் மறுபடியும் மறுத்துவிட்டது. அரசுகள் கைகுலுக்கியதால் நீதிபதியின் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை.

அந்தச் சந்தேகம் அநியாயமானதா? வெளியூர் போக வேண்டாம், நம் மாவட்டத்தையே பார்ப்போம். 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள். மலைவாழ் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. டென்மார்க் தீர்ப்பு வந்து ஏறக்குறைய மூன்று மாதம். அவர்கள் சொன்னது அவமானம் என்று கொதித்தோமே, நம் ஊர் நீதிமன்றம் சொன்னதை என்ன செய்வது?

நம் நீதித்துறை கடைசியில் நியாயம் செய்தது. அது நமக்குப் பெருமை. ஆனால் அதற்கு 19 ஆண்டுகள் ஆயின.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் உறுதிசெய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை. தனிச்சட்டம் வேண்டும் என்று 2017இல் சட்ட ஆணையமும் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு இத்தனை வருடம் கிடப்பில் போட்டால், எதிராளி வக்கீலுக்கு வேறு ஆதாரம் எதற்கு?

நம் சொல்லை நம்பி ஆளை அனுப்பிய சிறிய நாடும் உண்டு. மரண தண்டனை இல்லை, 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்ற உறுதியின் பேரில் 2005இல் போர்ச்சுகல் அபு சலேமை ஒப்படைத்தது. அந்த வாக்கைக் காக்க வேண்டும் என்று 2022இல் நம் உச்ச நீதிமன்றமே சொன்னது.

டென்மார்க் செய்தது முழுக்கச் சரி என்று நான் சொல்லவில்லை. ஆயுதம் விழுந்த ஊர் மக்களுக்கும் நியாயம் கிடைக்க வேண்டும். அந்த நியாயத்துக்குக் குறுக்கே நிற்பது டென்மார்க் மட்டுமல்ல, நாம் இயற்றாமல் வைத்திருக்கும் சட்டமும்தான். அந்தச் சட்டம் முதலில் காப்பாற்றப் போவது கிம் டேவியை அல்ல. நாளை ஏதோ ஒரு காவல் நிலையத்துக்கு விசாரணை என்று கூட்டிக்கொண்டு போகப்படும் நம் வீட்டுப் பிள்ளையை.

உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், காவல்துறையில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். மாற்றுக்கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் என்றைக்கும் உட்கார வைத்ததில்லை.