கிடார் வித்துவானுக்குக் கைதட்டு! டிக்கெட் விலைக்குக் கண்டனம்!

அமெரிக்காவில் ஒரு கிடார் வித்துவான் இருக்கிறார். பெயர், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. ஆனால், மேடை ஏறிவிட்டால் இளைஞர்கள் அவரிடம் தோற்றுப்போவார்கள்!

மூன்று மணி நேரம் பாடுவார். கிடாரை மாட்டிக்கொண்டு மேடை முழுவதும் ஓடுவார். சட்டை வியர்வையில் நனைந்துவிடும். 2012-ம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் 4 மணி நேரத்துக்கு மேல் கச்சேரி செய்தார்!

இவரைப் பற்றி ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள்? வாயாரப் புகழ்கிறார்கள். கோபமும் படுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு.

தாய் வாங்கித் தந்த கிடார்

இவர் 1949-ம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். தந்தைக்கு நிலையான வேலை கிடையாது. பஸ் ஓட்டினார்; தொழிற்சாலையிலும் வேலை செய்தார். தாய், வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தார். மகனின் ஆசைக்காக அந்தத் தாய் கடன் வாங்கி, 60 டாலருக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாழ்க்கையை மகன் மறக்கவில்லை. மூடிய தொழிற்சாலை, வேலை இழந்த தொழிலாளி, வீடு திரும்பாத போர்வீரன் - இவர்களைப் பற்றியே பாடினார். அதனால், உழைக்கும் மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்தார்கள்.

பக்கவாத்தியம் எப்படி?

இவருடைய பக்கவாத்தியக் குழுவுக்கு “ஈ ஸ்ட்ரீட் பாண்டு” என்று பெயர். “ஈ ஸ்ட்ரீட்” என்பது ஒரு தெருவின் பெயர். குழுவில் இருந்த ஒருவருடைய தாயாரின் வீடு அந்தத் தெருவில் இருந்தது.

மாக்ஸ் வைன்பர்க் டிரம் அடிப்பார். ராய் பிட்டன் பியானோ வாசிப்பார். ஸ்டீவ் வான் சாண்ட் இன்னொரு கிடார். சாக்ஸபோன் ஊதியவர், கிளாரன்ஸ் கிளமன்ஸ். ஆஜானுபாகுவான கறுப்பினத்தவர். 1975-ல் வெளிவந்த இசைத்தட்டின் அட்டையில், ஸ்பிரிங்ஸ்டீன் அவர் தோளில் சாய்ந்து நிற்கிறார். நிறத்தைத் தாண்டிய நட்பு அது!

1988-ம் ஆண்டு செப்டம்பரில், மனித உரிமைக்காக டெல்லியில் நடந்த கச்சேரியிலும் இந்தக் குழு வாசித்தது.

ஆனால், 1989-ல் ஸ்பிரிங்ஸ்டீன் குழுவைக் கலைத்துவிட்டார்! 1992-ல் புதிய ஆட்களோடு ஊர் ஊராகப் போனார். பியானோக்காரர் மட்டும் பழையவர். ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பாடுகிறவர் அவரே, பாட்டும் அவருடையதே. என்றாலும், பழைய களை இல்லை என்று குறைப்பட்டார்கள். 1999-ல் பழைய குழு மறுபடியும் சேர்ந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள்!

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ரசிகர்கள் ஒரு மனிதரை மட்டும் பார்க்க வரவில்லை. பல ஆண்டு கூடி வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க வருகிறார்கள்.

2011-ல் கிளமன்ஸ் இறந்தார். அவர் இடத்தை யார் நிரப்புவது? அண்ணன் தம்பி பிள்ளையான ஜேக் கிளமன்ஸ் 2012-ல் சாக்ஸபோனோடு மேடைக்கு வந்தார். ரசிகர்கள் அவரை வாரி அணைத்துக்கொண்டார்கள்.

கோபம் ஏன்?

2022-ம் ஆண்டு ஜூலையில் புதிய சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் விற்றார்கள். முகூர்த்த நாளில் மல்லிகைப் பூ விலை ஏறுகிறது அல்லவா? அதுபோல, கூட்டம் கூடக் கூட டிக்கெட் விலையும் தானாக ஏறும்படி செய்திருந்தார்கள். சில டிக்கெட்டுகளின் விலை 5 ஆயிரம் டாலர் வரை ஏறிவிட்டது!

பெரும்பாலான டிக்கெட்டுகளை நிர்ணயித்த விலைக்கே விற்றோம் என்றது, விற்பனைக் கம்பெனி. ஸ்பிரிங்ஸ்டீனும் பதில் சொன்னார். கள்ள விலைக்கு விற்பவர்கள் அடிக்கும் பணம், மேடையில் வியர்வை சிந்துகிறவர்களுக்கே வரட்டுமே என்பது அவர் வாதம்.

ரசிகர்களின் மனம் ஆறவில்லை. 1980 முதல் அவருக்காகவே ரசிகர்கள் நடத்திவந்த “பாக்ஸ்ட்ரீட்ஸ்” என்ற பத்திரிகை, 2023-ல் மூடப்பட்டது. டிக்கெட் விலையால் மனம் உடைந்ததே காரணம் என்று அறிவித்தார்கள்.

எது நியாயம்?

உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. கள்ள விலைக்காரன் கொள்ளையடிப்பதும் உண்மைதான். ஆனால், பணம் யாருக்குப் போனால் என்ன? காலியாவது ரசிகனின் பைதானே!

வேறு வழி இல்லையா? இருக்கிறது. 2023-ல் “தி கியூர்” என்ற இங்கிலாந்துக் குழு அமெரிக்காவில் பாடியது. விலை தானாக ஏறும் முறை வேண்டாம் என்று மறுத்துவிட்டது. சட்டம் இடம் கொடுத்த ஊர்களில், வாங்கியவர் பிறருக்கு டிக்கெட்டை மாற்ற முடியாதபடியும் செய்தது. கலைஞர் பிடிவாதமாக நின்றால், விலையை அடக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

இவ்வளவு கோபத்துக்குப் பிறகும் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்குக் கூட்டம் குறையவில்லை. விலையைத் திட்டியவர்களிலும் பலர் போனார்கள், கைதட்டினார்கள். பாட்டின் மேல் அவர்களுக்கு இருக்கும் பற்று அப்படி!

போக முடியாதவர்களும் உண்டு. வேலை இழந்த தொழிலாளியைப் பற்றி அவர் மேடையில் பாடுகிறார். அந்தத் தொழிலாளிக்கு உள்ளே ஓர் இடம் இருக்கிறதா? ரசிகர்கள் கேட்பது இதைத்தான்.