மூன்று சொற்களில் இரண்டு பிழை

பந்தயங்களில் ஜயித்தவர்களைப் பற்றி எழுதுவோர் அநேகர். ஜயம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது வழிவிட்டு ஒதுங்கிய ஒருவரைப் பற்றி இவ்வாரம் சிறிது எழுதலாமென்று உத்தேசித்தோம். சம்பவம் நடந்தது 1977-ஆம் ஆண்டில். இடம், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஸான் அன்டோனியோ நகரம்.

'மோட்டோகிராஸ்' பந்தயத்தைப் பார்த்திராத நேயர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிளுக்கு ரோடு வேண்டும் என்பது நம் எண்ணம். இந்தப் பந்தயத்திலோ ரோடு என்பதே கிடையாது. மேடும் பள்ளமும், மணலும் சேறுமாக ஒரு சுற்றுப்பாதை, அவ்வளவுதான். வீரர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முன்னாலிருக்கும் தடுப்பு விழுந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் முதல் வளைவை நோக்கிப் பாய்கிறார்கள். அந்த வளைவில் எல்லோருக்கும் இடம் இராது என்பது எல்லோருக்கும் தெரியும்! பிறகு மேடுகளின் மீது ஏறி ஆகாயத்தில் எழும்பி விழுவதும், மிதிகட்டைகளின் மேல் நின்றபடியே வண்டியை அடக்குவதுமாக ஓட்டம் நடக்கிறது. 1924-ல் இங்கிலாந்தில் காம்பர்லி என்ற ஊரில் நடந்த ஒரு பந்தயத்தை இதற்கு ஆதியாகச் சொல்வார்கள். பெயர் மட்டும் பிரெஞ்சுக்காரர்களுடைய கொடை.

1977-ல் அமெரிக்காவின் 125 சி.சி. வண்டிகளுக்கான தேசீயப் பட்டம், பருவத்தின் கடைசிப் பந்தயத்தில்தான் தீர்மானமாகும் நிலையில் இருந்தது. போட்டி இருவருக்கிடையே. ஒருவர் பிராக் கிளோவர், யமஹா கம்பெனியின் வீரர், வயது பதினேழு. மற்றவர் டேனி லாபோர்ட்; ஸுஸுகி கம்பெனியைச் சேர்ந்தவர். மூன்றாவதாக ஒருவரும் இருந்தார். அவர் பாப் ஹன்னா. 'சூறாவளி' என்று ஜனங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். முந்திய ஆண்டு அதே பட்டத்தை வென்றவர் அவரே. ஆனால் 1977-ல் அது அவருக்கு எட்டாதென்று ஆகிவிட்டது. அவரும் யமஹா கோஷ்டிக்காரர்.

கடைசி ஓட்டத்தில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவர் ஹன்னா. கிளோவர் அவருக்குப் பின்னால். அந்த வரிசையிலேயே ஓட்டம் முடிந்தால் பட்டம் லாபோர்ட்டைச் சேரும். கிளோவர் முன்னால் வந்தால் கிளோவரைச் சேரும். ஓடுகிற வீரனின் காதில் சேதி சொல்லும் கருவிகள் அப்போது கிடையா. ஒவ்வொரு சுற்றிலும் பாதையோரத்தில் மெக்கானிக் ஒரு பலகையைத் தூக்கிப் பிடிப்பார். வீரன் கண்ணிமைக்கும் நேரத்தில் படித்துக்கொள்ள வேண்டும். அன்று ஹன்னாவுக்குக் காட்டிய பலகையில் மூன்று சொற்கள்: 'லெட் பிராக் பை'. பிராக்குக்கு வழிவிடு என்பது தாத்பரியம்.

மூன்று சொற்களில் இரண்டு பிழை. கிளோவர் தம் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்தை எழுதுவதில்லை. பலகையில் அது இருந்தது. 'பை' என்னும் சொல்லுக்கோ, விடைபெறும்போது சொல்கிறோமே, அந்த 'பை'யின் எழுத்துக்களைப் போட்டிருந்தார்கள். பலகையில் எழுதியே காலட்சேபம் செய்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது கண்ணில் படாமலிருக்குமா? ஆயினும் பொருள் விளங்கிவிட்டது. ஹன்னா வேகத்தைத் தளர்த்தினார். கிளோவர் தாண்டிச் சென்றார். கணக்குப் பார்த்தபோது கிளோவரும் லாபோர்ட்டும் புள்ளிகளில் சரிசமம்! அப்படிச் சமமானால், அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம் என்பது விதி. அவ்விதிப்படி கிளோவர் சாம்பியன் ஆனார்.

இதில் குற்றவாளி யார்? பதினேழு வயதுப் பையனைக் குறை கூற நமக்கு மனமில்லை. சமமான புள்ளிகளில் அவன் பக்கம் தராசு சாய்ந்ததற்கு, அந்தப் பருவத்தில் அவன் சொந்தமாகச் சம்பாதித்திருந்த வெற்றிகளே காரணம். அதற்கு மேல் 1978, 1979-ஆம் ஆண்டுகளிலும் அதே பட்டத்தை அவன் வென்றான், 500 சி.சி. வகுப்பில் 1981, 1983, 1985 ஆகிய ஆண்டுகளில் மூன்று பட்டங்கள் வேறு. தானம் வாங்கிப் பிழைக்கிறவனின் ஜாதகமல்ல இது.

ஹன்னாவின் நிலைதான் தர்மசங்கடம். செஞ்சோற்றுக் கடன் என்று நம்மவர் சொல்வதுண்டு. சம்பளமும் வண்டியும் மெக்கானிக்கும் கொடுத்த கம்பெனி கேட்கிறது. கர்ணன் போலக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று சிலர் சொல்லக்கூடும். நமக்கு அது முழுவதும் ஒப்பவில்லை. கர்ணன் கொடுத்தது தன்னுடையதை. ஹன்னா விட்டுக்கொடுத்த முதல் ஸ்தானம் அவருடையதுதான்; ஆனால் அதனால் பறிபோனது லாபோர்ட்டின் பட்டமல்லவா? அவரை யாரும் கேட்கவில்லை. சைக்கிள் பந்தயங்களில் கோஷ்டித் தலைவனுக்காக மற்றவர்கள் உழைப்பது பழைய வழக்கம். பார்க்கிறவர்களும் அதை அறிந்தே பார்க்கிறார்கள். மோட்டோகிராஸில் ஒவ்வொருவனும் தன் எண்ணை முதுகில் சுமந்து தனக்காக ஓடுகிறான் என்றுதான் டிக்கட் வாங்கியவர் நம்புகிறார். 2002-ல் ஆஸ்திரியாவில் நடந்த கார்ப் பந்தயத்தில் பாரிச்செல்லோ, முடிவுக் கோட்டுக்கருகில் ஷூமாக்கருக்கு வழிவிட்டபோது ஜனங்கள் கூச்சலிட்டது இதனால்தான். அதன் பிறகு அப்படிப்பட்ட உத்தரவுகளைத் தடை செய்து விதி வந்தது. 2010-க்குப் பிறகு அந்த விதியும் போய்விட்டது.

ஒன்று மட்டும் கம்பெனிக்காரர்களுக்கு அநுகூலமாகச் சொல்லலாம். ரகஸ்யமாகச் செய்யவில்லை. எல்லோரும் படிக்கும்படி, பெரிய எழுத்தில், தப்புந்தவறுமாக எழுதியே காட்டினார்கள்.

லாபோர்ட் பந்தயத்தை விட்டு ஓடிவிடவில்லை. 1979-ல் 500 சி.சி. தேசீயப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1981-ல் ஐரோப்பாவுக்குச் சென்று, நாடுகளுக்கிடையேயான பந்தயத்தில் அமெரிக்காவுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்த நால்வரில் அவரும் ஒருவர். அதற்கு மறு ஆண்டு, 1982-ல், 250 சி.சி. வகுப்பில் உலக சாம்பியன் ஆனார். அவர் அப்போது ஓட்டிய வண்டி யமஹா.