பொன் மருந்தா, நஞ்சா?



அருவங்காட்டுக் குளிர் எத்தகையது என்பதை மூட்டுவாதத்தால் துன்புறுவோர் நன்கு அறிவர். சென்ற மார்கழியில் நமக்கு அறிமுகமான முதிய தாயார் ஒருவர், சிறு குப்பி ஒன்றை நம்மிடம் காட்டினார். 'நானோ தங்கம்' கலந்த மருந்து என்று சொல்லி யாரோ விற்றதாம். குப்பியில் தயாரித்தவர் பெயரும் இல்லை. உரிம எண்ணும் இல்லை. "தங்கம்தானே ஐயா, உடம்புக்கு என்ன கெடுதல் பண்ணிடப் போகுது?" என்று கேட்டார். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை இரண்டு வாரமாக நிறுத்திவிட்டதாகவும் கூறினார். அவருக்கு அன்று சொன்னதையே இம்மாதம் உங்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

முதலில் நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு நிறுவப்பட்ட தொழிற்சாலைக்குப் பெயர் தந்தது கார்டைட் என்னும் வெடிமருந்து. அதில் கலக்கும் முக்கியப் பொருள் நைட்ரோகிளிசரின். அதே பொருளை மிகச் சிறு அளவில் கொடுத்தால் இதய நோயாளியின் நெஞ்சுவலி தணியும் என்று 1879-இல் வில்லியம் முர்ரெல் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதினார். நாவின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையாக அது இன்றும் உயிர் காக்கிறது. ஆனால் வெடிமருந்துத் தொழிலில் அதைக் கையாண்டோர் பல நாடுகளிலும் கடுந்தலைவலியால் வருந்தினர். பொருள் ஒன்றே, அளவும் பயன்படுத்தும் முறையும் மாறினால் பயனும் மாறுகிறது.

பொன்னும் இவ்விதிக்கு விலக்கன்று. கழுத்திலும் காதிலும் அணியும் பொன் எவருடைய உடலுக்கும் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் பொன்னின் உப்புகள் வேறு வகையானவை. பொன் கலந்த சயனைடு உப்பு, காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதை 1890-இல் இராபர்ட் கோக் கண்டார். 1929-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் ஃபொரெஸ்தியே, மூட்டுவாத நோயாளிகளுக்குப் பொன் உப்பு ஊசி போட்டதில் பலன் கிட்டியதாக அறிவித்தார். பின்னர் பல்லாண்டுகள் எண்ணற்றோர் அதனால் வலி நீங்கப் பெற்றனர். எனினும் சிலருக்குத் தோலில் தடிப்பும் வாய்ப்புண்ணும் தோன்றின. சிறுநீரகம் பழுதுற்றுப் புரதம் வெளியேறியது. இரத்த அணுக்கள் குறைந்தன. ஆகவே சிறுநீரையும் இரத்தத்தையும் அடிக்கடி சோதித்தே அவ்வூசியைப் போட்டனர். இன்று அதன் இடத்தை மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் பிடித்துக்கொண்டன.

இனி நானோ தங்கத்துக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். பொன்னை இருபது நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கி நீரில் மிதக்கவிட்டால் மஞ்சள் நிறம் மறைந்து, செந்நிறம் தோன்றும். இத்தகைய செந்நீரை 1857-இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். கருவுற்றிருப்பதை வீட்டிலேயே அறியும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடு இந்த நுண்பொன்னின் நிறமே. 2019-இல் அமெரிக்காவில் சுக்கிலச்சுரப்பிப் புற்றுநோயாளிகள் பதினாறு பேரைக் கொண்டு நடந்த முதற்கட்ட ஆய்வின் முடிவு வெளியாயிற்று. பொன் மேற்பூச்சுடைய நுண்துகள்களை இரத்தத்தில் செலுத்தி, கட்டியில் ஒளிக்கதிர் பாய்ச்சி, அத்துகள்கள் சூடேறுவதால் நோயுற்ற திசுவை அழிக்கும் முயற்சி அது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் கடையில் வாங்கி அருந்தும் மருந்தன்று.

இந்நுண்மையே ஆபத்துக்கும் இடமாகிறது. 2007-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு சோதித்தனர். 1.4 நானோமீட்டர் பொன்துகள் அவற்றைக் கொன்றது. 15 நானோமீட்டர் துகளோ பன்மடங்கு அதிகம் இட்டபோதும் கொல்லவில்லை. துகளின் மேற்பூச்சும் நஞ்சாகக்கூடும். இரத்தத்தில் செலுத்திய துகள்களில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, நெடுநாள் வெளியேறாது இருக்கும். எனவே 'தங்கம்' என்னும் பெயரைக் கேட்டு மட்டும் நம்பிவிட இயலாது. துகளின் அளவு என்ன, பூச்சு யாது, எவ்வளவு உட்கொள்வது என்றெல்லாம் கேட்டறிய வேண்டும்.

அப்படியானால் நம் முன்னோர் வழங்கிய தங்க பஸ்பம்? அதை நாம் இகழவில்லை. ஆயுர்வேத முறைப்படி புடமிட்ட தங்க பஸ்பம் ஒன்றை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 57 நானோமீட்டர் அளவுள்ள பொன்மணிகள் அதில் காணப்பட்டதாக 2007-இல் ஆய்வாளர் எழுதினர். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பினும் பக்குவம் ஒன்றாக இராது. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான எழுபது ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில், பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆதலால் முறையாகப் பயின்று பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் தாமே பார்த்துக் கொடுத்தாலன்றி, பொன் கலந்த எதையும் உட்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரக நோயுள்ளோர் விஷயத்தில் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். எந்த மருந்து உட்கொண்டாலும் அதை உங்கள் மருத்துவரிடம் மறையாது சொல்லுங்கள். நடந்துவரும் சிகிச்சையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அத்தாயார் மறுநாளே குப்பியுடன் மருத்துவரிடம் சென்றார். நிறுத்திய மாத்திரைகளை மீண்டும் உட்கொள்கிறார். விரல்களில் வீக்கம் வற்றி, இப்போது தாமே சப்பாத்திக்கு மாவு பிசைவதாக மகிழ்ந்து சொன்னார். குப்பியின் விலையோ போனது போனதுதான். உடல்நலம் போகாமல் மீண்டதே பெரும்பேறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றனர் பெரியோர். அளவே தெரியாத குப்பியை அமிர்தமென்று எப்படி நம்புவது?