பழசுக்கு ஏறுற விலை யார் மடியில விழுது?

வைன் பழசாக ஆகத்தான் ருசி, பழசாக ஆகத்தான் விலை. இந்த ரெண்டு வரியைப் பட்டணத்துல இருந்து வர்ற யாராவது ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது என் தோட்டத்துல வந்து சொல்லிட்டுப் போறாங்க. முதல் வரியில பாதிதான் உண்மை. ரெண்டாவது வரியில முக்கியமான ஆளையே காணோம்.

போன மாசம் வந்தது தம்பி மகன். சென்னையில நல்ல வேலை. பந்தலுக்கு அடியில நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, "என்ன பெரியப்பா, கிலோ நாப்பதுக்கும் அம்பதுக்கும் வியாபாரிகிட்ட கொடுத்துட்டு உக்காந்திருக்கீங்க. இத்தாலிக்காரன் இதே திராட்சையைப் பிழிஞ்சு இருபது வருஷம் நிலவறையில வச்சு ஒரு பாட்டில் பத்தாயிரத்துக்கு விக்கிறான். நீங்கதான் யோசிக்க மாட்டேங்கிறீங்க" அப்படின்னான். அவன் வீட்டுலயும் ஒரு இத்தாலி பாட்டில் இருக்காம். சமையல்கட்டுப் பரண்ல நிக்க வச்சிருக்கானாம், "பழசாகட்டும்"னு.

அவனுக்கும் அவனை மாதிரி நினைக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். குடிக்கச் சொல்லி எழுதுறதா யாரும் நினைச்சுடாதீங்க. டாஸ்மாக் வாசல்ல எங்க ஊர்ப் பிள்ளைங்க விழுந்து கிடக்கிறதைத் தினம் பாக்குறவன் நான். இது திராட்சை விளைவிக்கிறவன் பார்வையில இருந்து ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

மகளுக்குப் பிரசவம்னு 2022 செப்டம்பர்ல நானும் வீட்டுக்காரியும் இத்தாலியில டூரினுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு அங்க வேலை. நான் திராட்சைக்காரன்னு தெரிஞ்சு, அவர்கூட வேலை பாக்குற ஒருத்தர் தன் சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனார். ஊர் பேர் பார்பரெஸ்கோ. டூரினுக்குத் தெற்கே, ஆல்பா நகரத்துக்குப் பக்கத்துல. கீழே தானரோ ஆறு, மேல குன்று, குன்று உச்சியில பழைய செங்கல் கோபுரம், சுத்தி எங்க பாத்தாலும் கொடி.

அங்க பந்தல் கிடையாது. கம்பி கட்டி வரிசையா நிக்க வச்சிருக்காங்க, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல குலை. ரகத்தோட பேரு நெபியோலோ. மூடுபனிக்கு அவங்க மொழியில நெபியா, அதுல இருந்து வந்த பேருன்னு சொல்றாங்க. ரொம்பப் பிடிவாதக்காரக் கொடி. மத்த ரகத்துக்கு முன்னாடி துளிர்க்கும், எல்லாத்துக்கும் கடைசியா, பெரும்பாலும் அக்டோபர்ல பழுக்கும். அதனால பனியும் அதுக்குத்தான், ஆலங்கட்டியும் அதுக்குத்தான். எந்தச் சரிவுல பனிக்கட்டி முதல்ல உருகுதோ அங்கதான் இந்த ரகத்தை நடணும்னு அந்த ஊர்ப் பெரியவங்க கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. நாம எந்த வயல்ல தண்ணி நிக்கும், எதுல வடியும்னு தெரிஞ்சு வச்சிருக்கிற மாதிரி.

இப்போ தம்பி மகன் சொன்ன "இதே திராட்சை"க்கு வரேன். என் தோட்டத்துல இருக்கிறது கம்பம் பன்னீர். வாசனைப் பழம், இனிப்புப் பழம், பறிச்ச உடனே தின்ன வேண்டிய பழம். நெபியோலோ தின்ன லாயக்கில்ல. தோலும் விதையும் கடுக்காயைக் கடிச்ச மாதிரி துவர்க்கும், கூடவே நல்ல புளிப்பு. அந்தத் துவர்ப்பும் புளிப்பும்தான் இருபது வருஷம் அந்த வைனைத் தாங்கிப் பிடிக்கிற தூண். அது இல்லாத வைனை இருபது வருஷம் வச்சா கிழடு தட்டிப் போகும், வேற ஒண்ணும் நடக்காது. உலகத்துல போடுற வைன்ல பெரும்பகுதி சில வருஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கிறதுக்காகப் போடுறதுதான். பன்னீரை வைன் ஆக்கினாலும் அந்தக் கணக்குலதான் சேரும்.

அப்புறம் விளைச்சல். பார்பரெஸ்கோன்னு பேர் போடணும்னா ஒரு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல அறுக்கக் கூடாது, சட்டம். நம்ம ஏக்கர் கணக்குல மூணேகால் டன். அதுவும் வருஷத்துக்கு ஒரே அறுப்பு. ஆடி ஆவணி வாக்குல நல்ல குலைகளையே பாதி வெட்டிக் கீழ போடுறாங்க, மிச்சம் இருக்கிறது தேறட்டும்னு. இதைக் கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. எங்க பக்கம் ரெண்டு வருஷத்துக்கு அஞ்சு அறுப்பு எடுக்கிற தோட்டமும் இருக்கு. அப்படி எடுத்தும் உரக்கடை பாக்கி தீரல.

நிலவறையைப் பத்தியும் சொல்லணும். அந்த நண்பர் வீட்டுக்கு அடியிலயே ஒண்ணு இருந்துச்சு, குன்றைக் குடைஞ்சு செங்கல் வளைவு கட்டினது. வெளிய வெயில் அடிச்சாலும் உள்ளே போனதும் கிணத்துக்குள்ள இறங்கின குளிர்ச்சி. கோடையோ குளிர்காலமோ 12, 14 டிகிரியைத் தாண்டாதாம். ஈரம் இருக்கு, வெளிச்சம் இல்ல, அதிர்வு இல்ல. வெங்காயம் பூண்டு மாதிரி வாசனை அடிக்கிற எதையும் உள்ள வைக்க விடமாட்டாங்க. பாட்டில் எல்லாம் படுத்த வாக்குல. நிக்க வச்சா கார்க் காய்ஞ்சு சுருங்கும், காத்து உள்ள போகும், வைன் காடியாகும்.

அவர் எடுத்தது 2004 வருஷத்து ரிசெர்வா, ஓவெல்லோ என்கிற காட்டுல விளைஞ்சது. அவர் பொண்ணு பிறந்த வருஷமாம். அந்த வருஷத்துச் சரக்கு கடைக்கு வந்ததே பொண்ணு பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச பிறகுதான், அப்போ ஆறு பாட்டில் வாங்கிப் படுக்கப் போட்டிருக்கார். பொண்ணுக்குப் பதினெட்டு ஆனதுக்காக ஒண்ணைத் திறந்தார். முந்தின நாளே எடுத்து நிமிர்த்தி வச்சிருந்தார், வண்டல் அடியில இறங்கணும்னு. எதிர்ல மெழுகுவத்தியைக் கொளுத்தி வச்சு, பாட்டில் கழுத்துல வண்டல் எட்டிப் பாக்குற வரைக்கும் மெதுவா வேற ஒரு கண்ணாடிக் குடுவைக்குச் சாய்ச்சார். வாய்க்கால் தண்ணியைக் கலங்காம மடை மாத்துற மாதிரி இருந்துச்சு.

நிறத்தைப் பாத்து ஏமாந்தேன்னுதான் சொல்லணும். கருஞ்சிவப்பா இருக்கும்னு நினைச்சா, மழையில நனைஞ்ச பழைய செங்கல் நிறம், ஓரத்துல ஆரஞ்சு. முதல்ல பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த வாடை. அரை மணி நேரம் கழிச்சுத்தான் அது வாயைத் திறந்துச்சு. என் வீட்டுக்காரி குடிக்கல, மோந்து மட்டும் பாத்துட்டு, "சாமி படத்துல காஞ்ச ரோஜா மாலை" அப்படின்னா. எனக்கு அதுக்குப் பின்னால தார் ரோடு போடுற வாசனையும், மழை விட்டதும் கொல்லையில வர்ற காளான் வாசனையும் அடிச்சுது. இந்த ரகத்துக்கு ரோஜாவும் தாரும்தான் அடையாளம்னு அவர் சிரிச்சார். வாயில வச்சா துவர்ப்பு இருக்கு, ஆனா கடிக்கல. இளசுல நாக்கைப் பிடிச்சு இழுத்த துவர்ப்பு, வருஷக்கணக்கா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கொஞ்சம் அந்த வண்டலா இறங்கிருச்சு. புளிப்பு மட்டும் அப்படியே நின்னு எச்சில் ஊற வைக்குது. நல்ல பொருள். அதை மறுத்தா நான் பொய்யன்.

இப்போ பரண் மேல நிக்கிற பாட்டிலை நினைச்சுக்குங்க. மே மாசம் சென்னையில 40 டிகிரி. அடுப்புச் சூடு வேற. அங்க வைன் பழசாகாது, வேகும். காஞ்ச ரோஜா வராது, காய்ச்சின திராட்சை ஜாம் வாடைதான் வரும். வைனுக்குன்னு இருக்கிற குளிர்ப்பெட்டி இல்லாதவங்க இத்தாலி வைனை வாங்கினா அந்த மாசமே குடிச்சுடுங்க. பதினெட்டு வருஷம் காப்பாத்துறது உங்க வேலை இல்ல.

சரி, காத்திருக்கிறது யாரோட வேலை? பழசுக்கு விலை கூடும்கிறது நமக்குப் புது விஷயமா? பழைய அரிசிக்கு என்ன விலை, புது அரிசிக்கு என்ன விலை? பழம்புளிக்கு? எந்த விவசாயி வீட்டுல ஒரு வருஷத்துப் பழைய நெல்லு கிடக்குது? அறுத்த அன்னிக்கே களத்துல இருந்து போயிடும், ஏன்னா கூலி கொடுக்கணும், நகையை மீட்கணும். பழசாக்குறது அரிசி ஆலைக்காரர். பழசோட லாபமும் அவருக்குத்தான். திராட்சைக்கு அந்த அவகாசம்கூட இல்ல. வெட்டி ரெண்டு நாள் போனா காம்பு காய்ஞ்சு மணி உதிரும். அது வியாபாரிக்குத் தெரியும், அதனாலதான் சாயங்காலம் வரைக்கும் வராம இருப்பார்.

பார்பரெஸ்கோக்காரங்களும் இதே இடத்துலதான் கிடந்தாங்க. அந்த நண்பரோட அப்பா சொன்னார், மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: அந்தக் காலத்துல ஆல்பா சந்தையில திராட்சை வண்டியோட நிப்பாங்களாம். தரகர் வந்து பாத்துட்டுப் போயிடுவார், பொழுது சாயத்தான் திரும்பி வந்து விலை சொல்வார். நான் சிரிச்சேன். அவருக்கு ஏன்னு புரியல. வாலிபப் பிள்ளைங்க எல்லாம் கொடியை விட்டுட்டு ஆல்பாவுல ஃபெரேரோ சாக்லெட் ஆலைக்கும் (உங்க குழந்தைங்க ரொட்டியில தடவிச் சாப்பிடுற நுட்டெல்லா கம்பெனிதான்) டூரின்ல ஃபியட் கார் ஆலைக்கும் போயிட்டாங்க.

அங்க மாத்தினது நிலவறை இல்ல. 1894லயே டொமிசியோ கவாட்ஸான்னு ஒருத்தர், ஆல்பா வைன் பள்ளிக்கூடத்துத் தலைவர், ஒன்பது திராட்சைக்காரங்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சார். பாசிச ஆட்சியில அது மூடிப் போச்சு. 1958ல அந்த ஊர்ப் பாதிரியார் ஃபியோரினோ மரேங்கோ 19 சின்ன விவசாயிகளைக் கூப்பிட்டு மறுபடி ஆரம்பிச்சு வச்சார். பேரு, புரொடுத்தோரி தெல் பார்பரெஸ்கோ. பார்பரெஸ்கோ உற்பத்தியாளர்கள்னு அர்த்தம், அவ்வளவுதான். முதல் மூணு வருஷ வைனைத் தேவாலயத்துக்கு அடியில இருந்த அறையிலதான் போட்டாங்க. நான் குடிச்ச பாட்டில் அந்தச் சங்கத்தோடது.

அந்தச் சங்கம் செய்யுற வேலையைப் பாருங்க. உறுப்பினர் தன் நெபியோலோ முழுசையும் அங்கதான் கொடுக்கணும், நல்ல விலை வந்தா வெளிய, விலை படுத்தா சங்கத்துக்குன்னு கிடையாது. பழத்தோட சர்க்கரைக்கும் தரத்துக்கும் ஏத்த பணம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாசம் காத்திருக்கணும், அதுல 9 மாசம் மரப்பீப்பாயில. ரிசெர்வாவுக்கு 50 மாசம். நாலு வருஷத்துக்கு மேல! அதுவரைக்கும் அடுப்பு எரியணுமே? அதுக்கு லாங்கே நெபியோலோன்னு சீக்கிரம் விக்கக்கூடிய ஒண்ணைப் போட்டு வித்துக்கிறாங்க. நல்ல வருஷத்துல ஒன்பது காட்டுப் பழத்தையும் தனித்தனியா ரிசெர்வா ஆக்குறாங்க, சுமாரான வருஷத்துல எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து சாதா பார்பரெஸ்கோ. ஒத்தையா ஒரு சம்சாரியால முடியாத காத்திருப்பை அம்பது குடும்பம் தோள்ல பிரிச்சுத் தூக்குது.

சட்டம் வந்தது அதுக்கப்புறம். எந்த ஊர் எல்லை, எந்த ரகம், எத்தனை மாசம்னு அரசாங்கம் வரையறுத்தது 1966ல, அதை இன்னும் இறுக்கினது 1980ல. சங்கம் முதல்ல, முத்திரை பின்னால. எங்க கதை தலைகீழ். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பேப்பர்ல படம் வந்துச்சு, நீங்களும் பகிர்ந்தீங்க. மறுநாள் வியாபாரி அதே சாயங்காலத்துல வந்து அதே மாதிரித்தான் விலை சொன்னார். பேருக்கு முத்திரை இருக்கு, காத்திருக்கத் தெம்பு இல்ல. நம்ம பக்கம் கூட்டுறவுன்னா கடன் தள்ளுபடிக்கும் தலைவர் தேர்தலுக்கும்தான் ஞாபகம் வருது. அதை இப்படியே வச்சுக்கிட்டு, "பெரியப்பா, மதிப்புக் கூட்டுங்க"ன்னா எதை வச்சுக் கூட்டுறது?

அங்கேயும் பாலும் தேனும் ஓடல. அறுப்புக்கு மாசிடோனியாவுல இருந்தும் ஆப்பிரிக்காவுல இருந்தும் கூலியாட்கள் வர்றாங்க. இடைத்தரகர் வச்சு அவங்களைச் சுரண்டினது போலீஸ் கேஸ் வரைக்கும் போயிருக்கு. நான் போன வருஷம் வடக்கு இத்தாலி முழுக்க வறட்சி, ஆறு எலும்பும் தோலுமா ஓடிச்சு. இதையெல்லாம் வைன் ருசி பாத்து எழுதுறவங்க கட்டுரையில காணோம். தோல் வாசனை, புகையிலை வாசனை, அத்திப்பழ வாசனைன்னு ஒரு பக்கம் எழுதுவாங்க, கவாத்து வெட்டின கையைப் பத்தி ஒரு வரி இருக்காது.

அந்த ரிசெர்வா பாட்டிலோட சீட்டுல ஒண்ணு கவனிச்சேன். காட்டுப் பேருக்குப் பக்கத்துல அந்தக் காட்டுல கொடி வச்சிருக்கிற விவசாயிகளோட பேர் அச்சடிச்சிருக்கு. மாப்பிள்ளையை ஒவ்வொண்ணா வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தம்பி மகன்கிட்ட இருக்கிற பாட்டில்ல யார் பேர் இருக்குன்னு அவனைப் பாத்துச் சொல்லச் சொல்லியிருக்கேன், இன்னும் பதில் வரல.

நாளைக்கு விடியக்காலைல மேக்காட்டுக்குக் கவாத்துக்கு ஆள் வருது. பன்னிரண்டு பேர், சாப்பாடு நம்ம வீட்டுல. வேலை கிடக்கு.