கெட்டிமேளத்துக்கு முன்னால்

முதல் கல்யாண ஆர்டர் கிடைத்ததும் புது போட்டோகிராபர் செய்கிற முதல் காரியம் லென்ஸ் விலை விசாரிப்பது. 70-200 வாடகைக்குக் கிடைக்குமா, இருக்கிற பாடியே போதுமா என்று பேசிப் பேசியே ஒரு வாரம் ஓடிவிடும். கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி நிதானமாகப் படிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றாது. அவருக்கு வேண்டிய விவரம் பாதிக்கு மேல் அதில்தான் அச்சாகியிருக்கிறது.

முகூர்த்தம் காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள் என்று போட்டிருந்தால், பெண்ணுக்கு அலங்காரம் 3.30 மணிக்கே ஆரம்பித்துவிடும். அறைக் கதவைத் தட்ட அந்த நேரத்துக்கே ஆள் வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு முந்தின நாள் மாலை கோயிலிலிருந்து என்றால், தெருவிளக்கில் ஓர் ஊர்வலம் எடுத்தாக வேண்டும். பத்திரிகையின் தலைப்பில் இருக்கும் தாத்தா பாட்டி, உள்ளே வரிசையாக வரும் தாய்மாமன்கள், அத்தைகள் இவர்களில் ஒருவர் படத்தில் விட்டுப்போனாலும் ஆல்பம் வரும் நாளில் அந்த வீட்டில் சண்டை நிச்சயம். ஆளை அடையாளம் காட்டித்தர வீட்டுப் பெரியவர்களைப் பிடிப்பதில் பயனில்லை, அவர்கள் வந்தவர்களை ‘வாங்க’ என்று கேட்டு முடிப்பதற்கே நேரம் போதாது. எல்லாரையும் தெரிந்த, கையில் வேலை இல்லாத ஒரு சித்தி மகனைப் பிடிப்பதுதான் சரி.

சடங்கு வரிசை இன்னொரு பாடம். அதை ஒரே ஒரு கல்யாணத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. அய்யர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போட, மீதி முடிச்சுகளை நாத்தனார் பின்னாலிருந்து போடுவாள். இதை அறியாதவர் முன்னால் மட்டும் நின்றால் நாத்தனாரின் கை படத்தில் இருக்காது. ஈரோட்டுப் பக்கம் கொங்கு வேளாளர் கல்யாணத்தில் சீர்களை நடத்துபவர் அருமைக்காரர். மாப்பிள்ளையின் சகோதரியை உட்காரவைத்துச் செய்யும் இணைச்சீர் அங்கே பெரிய விஷயம். வெளியூரிலிருந்து போனவர் அந்த நேரம் பார்த்து டிபன் சாப்பிடப் போய்விட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது. நிக்காஹ் என்றால் பதிவேட்டில் மாப்பிள்ளை கையெழுத்திடுவது முக்கியமான படம். பெண்கள் பகுதிக்குள் ஆண் போட்டோகிராபரைப் பல குடும்பங்களில் விடமாட்டார்கள், கூட ஒரு பெண் போட்டோகிராபரை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். சர்ச்சில் பீடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம், ஃப்ளாஷ் போடலாமா என்பதை ஃபாதரிடமோ பாஸ்டரிடமோ முந்தின நாளே கேட்டுக்கொள்வது மரியாதை.

சுயமரியாதைத் திருமணத்தில் சிக்கல் வேறு மாதிரி. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம் சட்ட ஏற்புப் பெற்ற முறை அது. புரோகிதர் இல்லை, ஹோமம் இல்லை. தலைமை தாங்குபவர் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று பேச்சை நிறுத்தி மாலையை எடுத்துக் கொடுத்துவிடுவார். மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தொலைந்தார்.

மேளம் உள்ள கல்யாணத்தில் அந்தப் பயம் குறைவு. வாத்தியார் தாலியைக் கையில் எடுத்ததும் மேளக்காரரைப் பார்த்து ஒரு கை தூக்குவார். தவில்காரர் அந்தக் கையிலேயே கண்ணாக இருப்பார், அனுபவம் உள்ள போட்டோகிராபரும் அப்படித்தான். அதற்கப்புறம் நிமிடக் கணக்கு இல்லை, நொடிக் கணக்குதான். கெட்டிமேளம் எழுந்த மறுகணம் மொத்த மண்டபமும் எழுந்து நிற்கும், பெரியப்பாக்கள் மேடைக்கு ஏறுவார்கள், செல்போன் பிடித்த கைகள் குறுக்கே நீளும். அந்த நேரத்தில் பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்த 70-200 வெறும் பாரம். மேடையிலேயே, மாப்பிள்ளைக்கு ஒரு பக்கமாக, ஒரு முக்காலி மேல் 24-70 லென்ஸோடு நிற்பவருக்குத்தான் தாலியும் கிடைக்கும், பெண்ணின் முகமும் கிடைக்கும். பென்சில் பேட்டரி போட்ட ஃப்ளாஷ் முழு வெளிச்சத்தில் ஒரு தடவை மின்னினால் மறுபடி தயாராக இரண்டு மூன்று நொடி கேட்கும். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும். ஐஎஸ்ஓவை ஏற்றி, ஃப்ளாஷின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டால் தொடர்ந்து எடுக்கலாம். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும்.

பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாஷிகாவில் போட்ட 120 ரோலில் 12 படம்தான். முகூர்த்தம் நெருங்கும்போது ரோலில் இன்னும் இரண்டு மூன்று படம் பாக்கி இருந்தாலும், யாராவது ஒரு பாட்டியை எடுத்து அதைத் தீர்த்துவிட்டுப் புது ரோல் மாட்டிக்கொள்வார்கள். கெட்டிமேளத்தின் நடுவே ரோல் தீர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதே வேலையைக் கார்டும் பேட்டரியும் கேட்கின்றன: ஹோமம் வளர்க்கும்போதே பாதி தீர்ந்த பேட்டரியைக் கழற்றிப் புதிதைப் போட்டுவிட வேண்டும். இரண்டு கார்டு போடும் வசதி கேமராவில் இருந்தால், ஒரே படம் இரண்டிலும் பதியும்படி வைப்பது புத்திசாலித்தனம்.

வெளிச்ச விஷயத்தில் முதலில் சிநேகம் பிடிக்க வேண்டிய ஆள் வீடியோக்காரர். மேடையில் பெரிய விளக்கு அவருடையது. அவர் அதை எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கம்தான் முகம் தெரியும். அவரோடு முறைத்துக்கொண்டவரின் படமெல்லாம் வீடியோக்காரர் முதுகு. அடுத்து, மண்டபத்தை முந்தின நாள் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். கூரை வெள்ளையாக இருந்தால் ஃப்ளாஷை மேலே திருப்பி அடிக்கலாம். ரோஜா நிறத் துணிப் பந்தல் போட்டிருந்தால் அப்படி அடித்த ஃப்ளாஷ் மொத்தச் சொந்தக்காரர்களையும் ரோஜா நிறமாக்கிவிடும். மலிவான எல்இடி விளக்குகள் நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுங்குபவை. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் படத்தில் கறுப்புப் பட்டைகளாக வந்து நிற்கும். 1/100இல் பெரும்பாலும் அடங்கிவிடும். வரவேற்பு மேடையின் பின்னால் எல்இடி திரை வைக்கும் வழக்கம் வந்ததிலிருந்து முகங்களெல்லாம் ஊதா நிறம். அலங்காரக்காரரிடம் சொல்லித் திரையின் பிரகாசத்தைக் குறைக்கச் சொல்லலாம், கேட்டால் செய்வார்கள்.

சிலர் வாத்தியாரை நிறுத்தி, “தாலியைத் தூக்கிப் பிடிங்க தம்பி, இங்க பாருங்க, இன்னொரு தடவை” என்பார்கள். முகூர்த்த நேரம் போட்டோவுக்காகக் காத்திருக்காது. வரவேற்பில் எவ்வளவு வேண்டுமானாலும் நிற்கவைக்கலாம், மணவறையில் வாயை மூடிக்கொண்டு எடுப்பதுதான் அழகு. அப்படி எடுக்கப் பழக, தனி ஆர்டர் பிடிக்குமுன் யாராவது மூத்தவரோடு இரண்டாவது கேமராவாகச் சில கல்யாணங்களுக்குப் போய்வரலாம். அவருக்கு உதவி, இவருக்குப் பயிற்சி.

சாப்பாட்டைப் பற்றியும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். போட்டோகிராபரைப் பந்திக்குக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வராது, கடைசிப் பந்தியில் ரசமும் மோரும்தான் மிச்சம் இருக்கும். மணப்பெண் அறையை முடித்துக்கொண்டு விடிகாலையிலேயே சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பவர் பிழைத்தார்.

வீடு திரும்பிய இரவே, தூங்குவதற்கு முன், படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும். கார்டை உடனே அழிக்கக் கூடாது. கடைசியாகப் பணம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று வாங்கிப்போகும் குடும்பம், வளைகாப்பு வரைக்கும்கூட அதைத் தொடாமல் இருப்பதுண்டு. ‘பாக்கியை ஆல்பம் வாங்கும்போது தருகிறோம்’ என்பதற்கு ஒப்புக்கொண்டவர் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். அட்வான்ஸ் ஒரு பங்கு, கல்யாணத்தன்று ஒரு பங்கு, ஆல்பத்துக்கு மிகச் சிறிய பங்கு என்று பத்திரிகை வாங்கும் நாளிலேயே எழுதிக்கொள்வது நல்லது.