பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? டி.சி. வாங்கும் முன் தெரிய வேண்டியவை

"ஃபீஸ் கட்டி மாளல. பிள்ளையும் தினமும் அழுதுகிட்டே கிளம்புது. பேசாம வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தா என்ன?" ஜூன் மாதம் வந்தால் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. 'ஹோம் ஸ்கூலிங்' எனப்படும் வீட்டுவழிக் கல்விக்கு நிஜமாகவே மாறிய குடும்பங்களும் இந்தியாவில் உண்டு. (2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' வேறு. அது பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கான மாலை நேர வகுப்பு.)

சட்டப்படி குற்றமா?

2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுவழிக் கல்வியை அது அங்கீகரிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. ரெண்டுங்கெட்டான் நிலைதான்.

அதே சட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. இடையில் நின்ற பிள்ளை திரும்பி வந்தால், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு வரை திரும்பும் வழி திறந்தே இருக்கிறது.

அப்போ சர்டிஃபிகேட்?

சிக்கல் தொடங்குவதே இங்கேதான். வீட்டில் எவ்வளவு படித்தாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் நகர முடியாது. அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். இன்னொன்று, தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வர் முறை. இதில் 12½ வயதில் எட்டாம் வகுப்புத் தேர்வு, அதன்பின் 14½ வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு.

திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முன்பு தடை இருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் அதை ரத்து செய்தது. 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் அந்தப் பிரச்னை முடிவுக்கு வந்தது.

பலர் கவனிக்காத இழப்பு

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்தினால் போவது மதிய உணவும் இலவசப் புத்தகமும் மட்டும் அல்ல. மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு கிடைக்க, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பது முக்கியம். நடுவில் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாலே இவை கைநழுவலாம். ஃபீஸ் மிச்சமாகும் என்று கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்த்துப் போடுவது நல்லது. யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என்பதும் அந்தக் கணக்கில் வரும். வேலையை விடுவது பெரும்பாலும் அம்மாதான். அந்தச் சம்பளத்தை யாரும் செலவாக எழுதுவதில்லை.

வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஹாலில் போர்டு மாட்டி, மணி அடித்து, பீரியட் பிரித்தால் வீடு இன்னொரு ஸ்கூல் ஆகிவிடும். அதற்கு ஸ்கூலே தேவலை. அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் இதைத்தான் எதிர்த்தார். வகுப்பறையில் பிள்ளைகள் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே யோசிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்று 1964-ல் எழுதினார். 1977-ல் வீட்டுவழிக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார்.

நம் வீட்டுக்கு வரும் கரன்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும். பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, "இந்தத் தொகை எப்படி வந்துச்சு?" என்று கேட்டால் கூட்டல், பெருக்கல் எல்லாம் அதிலேயே வந்துவிடும். "ஏன் நிறைய யூஸ் பண்றவங்களுக்கு ரேட் அதிகம்?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் கேள்வியோடு போகலாம். பதில் தெரியவில்லையா? சேர்ந்து தேடலாம்.

இதற்கு டி.சி. வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்தும் செய்யலாம். அடுத்த பில் வர இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை தினமும் மீட்டரைப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம்.